இறக்கிய போலோவுக்கு எந்த வீல்? 17 கேட்டு வந்து 16-இல் முடிந்த ஒரு வண்டி

வண்டி 2015 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிடிஐ. 1.5 லிட்டர் டீசல், 105 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் டார்க். கோவையில் ஓடுகிறது, அடிக்கடி கோத்தகிரி ஏறி இறங்கும். கம்பெனி ஷாக் அப்சார்பரைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி நான்கு பக்கமும் சுமார் 35 மி.மீ. இறக்கியிருந்தார்கள். கால்களில் கம்பெனி கொடுத்த 15 இன்ச் அலாய், 185/60 ஆர் 15 டயர்.

உரிமையாளர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் தம்பி. அவர் சொன்னது இது: "இறக்கியாச்சுங்கண்ணா. ஆனா ஆர்ச்சுக்குள்ள இன்னும் காலியாத்தான் தெரியுது. 17 இன்ச் போட்டா நிறைஞ்சிருமுங்களா?" ஆர்ச் என்பது சக்கரத்தைச் சுற்றி ஃபெண்டரில் வளைந்திருக்கும் திறப்பு. பழைய வீல் விற்கும் ஒருவரிடம் 17 × 8 ஜே, ஈடி 30 செட் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். 17 இன்ச் விட்டம், 8 இன்ச் ரிம் அகலம்; ஈடி பற்றிப் பின்னால் சொல்கிறேன். முன்பணம் மட்டும்தான் பாக்கி. விற்பவர் "போலோவுக்கு அப்படியே உக்காரும்" என்று சொல்லியிருக்கிறார். ஐந்து போல்ட் துளை பொருந்தும் என்ற அளவில் அது உண்மைதான்.

எங்கள் பட்டறையில் அலைன்மென்ட்தான் பிரதான வேலை. வீல் விற்பதில்லை, அதனால் எதைப் போடச் சொல்லவும் எனக்குத் தனி ஆர்வம் கிடையாது. ஆனால் தவறான வீல் போட்ட வண்டிகள் ஆறு மாதத்தில் டயரின் உட்பக்கம் கம்பி தெரிய எங்களிடம்தான் வரும். முன்பணம் கொடுக்கும் முன்பே இவர் வந்ததால் எல்லாவற்றையும் அளந்து பார்க்க முடிந்தது.

ஆர்ச்சை நிரப்புவது ரிம் இல்லை

முதலில் கணக்கு. 185/60 ஆர் 15 டயரில் சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், அகலம் 185-இல் 60 சதவீதமான 111 மி.மீ. உயரம். அது இருமுறையும் 15 இன்ச் ரிம்மும் சேர்ந்து மொத்த விட்டம் 603 மி.மீ. இதே விட்டத்தைக் கிட்டத்தட்டக் காப்பாற்றிக்கொண்டு 17-க்குப் போனால் வரும் அளவு 215/40 ஆர் 17. அதன் விட்டம் 604. ஐரோப்பாவில் இதே உடல்கட்டோடு வந்த போலோ ஜிடிஐ-க்கு கம்பெனியே போட்ட அளவும் அதுதான். ஆக 17 இன்ச் அந்நிய அளவு அல்ல. ஆனால் தம்பியின் கேள்வி ஆர்ச் நிறையுமா என்பது. 603-க்குப் பதில் 604 வந்தால் என்ன நிறையும்? டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மயிரிழைகூட மாறாது. இரும்பு அதிகமாகத் தெரியும், ரப்பர் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது 195/55 ஆர் 16-ஐப் பாருங்கள். விட்டம் 621. ரிம் ஒரு இன்ச் சின்னது, ஆனால் மொத்தச் சக்கரம் 17 இன்ச் செட்டைவிடப் பெரியது. ஆரத்தில் 9 மி.மீ. கூடுவதால் ஆர்ச்சின் மேல் இடைவெளி அதே 9 மி.மீ. குறையும். வண்டியின் அடிவயிறும் அதே 9 மி.மீ. உயரும். ஸ்பிரிங் பிடுங்கிக்கொண்ட 35-இல் கால்பங்கு திரும்பி வருகிறது. பார்வைக்கு வண்டி இன்னும் இறங்கியதாகத் தெரிகிறது. பின்னால் வந்த போலோ ஜிடிகளில் ஃபோக்ஸ்வாகனே 16 இன்ச் ரிம்மில் 195/55 போட்டு விற்றது.

இதைச் சொன்னதும் தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. "16-ன்னா பாக்கறதுக்கு கெத்து இருக்காதுங்கண்ணா" என்றார். பட்டறையில் வேறொரு வேலைக்கு நின்றிருந்த புதிய போலோவின் 195/55 சக்கரம் ஒன்றைக் கழற்றி, அதன் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு, இவர் வண்டியின் முன்பக்கம் மாட்டிக் காட்டினோம். பத்தடி தள்ளி நின்று பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் இன்ச் பேச்சு குறைந்துவிட்டது.

ஈடி என்ற எண்

ரிம் அகலமும் ஆஃப்செட்டும் சேர்ந்துதான் சக்கரம் எங்கே நிற்கும் என்று தீர்மானிக்கின்றன. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் இடம்) ஒட்டும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற அளவு. அதை மி.மீ.-இல் சொல்வதுதான் ஈடி. ஈடி எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும்.

இந்த வண்டியின் கம்பெனி ரிம்மின் பின்பக்கம் 6 ஜே, ஈடி 40 என்று வார்த்திருந்தது. ஆறு இன்ச் என்றால் 152 மி.மீ., பாதி 76. அதில் 40 போக, ஹப் முகத்திலிருந்து வெளியே 36 மி.மீ., உள்ளே 116 மி.மீ. மற்ற ரிம்களையும் இதே முறையில் போட்டுப் பார்க்கலாம்.

விற்பவர் சொன்ன 17 × 8 ஜே, ஈடி 30: வெளியே 72, உள்ளே 132. பழையதைவிட வெளிப்பக்கம் 35 மி.மீ. தள்ளுகிறது. அடுத்து நாங்கள் இரவல் வாங்கிய 17 × 7.5 ஜே, ஈடி 38: வெளியே 21 மி.மீ. அதிகம், உள்ளே 17 அதிகம். மூன்றாவது 16 × 7 ஜே, ஈடி 42: வெளியே 11, உள்ளே 15 மட்டும் கூடுகிறது.

ஜே அளவு டயர் உட்காரும் இடத்தை மட்டும் கணக்கிடும். ரிம்மின் உதடு அதற்கும் வெளியே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். டயரின் வயிறு எங்கே பிதுங்கும் என்பது டயர் அகலத்தைப் பொறுத்தது. ஆகவே இந்தக் கணக்கு முதல் சல்லடைதான். எட்டு இன்ச் செட் இந்தச் சல்லடையிலேயே விழுந்துவிட்டது.

கணக்கில் உரசல் தெரியும், ஸ்டீயரிங்கில் வருவது தெரியாது. ஆஃப்செட்டைக் குறைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் மாறும். 1972-இல் வந்த ஆடி 80 காலத்திலிருந்தே இந்தக் குடும்பத்துக் கார்களில் அந்த அச்சு டயரின் நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் தரையைத் தொடும்படி வடிவமைத்தார்கள். பிரேக் சுற்றுகள் மூலைக்கு மூலை பிரிந்திருக்கும். ஒரு சுற்று போனாலும் வண்டி ஒருபக்கம் இழுக்காமல் நேராக நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் அது. பத்து மி.மீ. வெளியே தள்ளினால் அந்தச் சலுகையில் ஒரு பங்கு போய்விடும். தார் உடைந்த ஓரத்தில் ஏறினால் ஸ்டீயரிங் கையை வெடுக்கென்று இழுக்கும். ஓட்டுபவர் அலைன்மென்ட் சரியில்லை என்று எங்களிடம் வருவார். அலைன்மென்டில் எதுவும் இருக்காது.

எந்த உயரத்தில் வைத்து அளப்பது?

இந்த வண்டியில் பெரும்பாலான நேரத்தை எடுத்தது இந்தக் கேள்விதான். எல்லோரும் வண்டி தரையில் நிற்கும்போது ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் போகிறதா என்று பார்க்கிறார்கள். நிற்கும் வண்டியில் எதுவும் உரசாது. நான்கு பேர் உட்கார்ந்து வேகத்தடையில் இறங்கும்போதுதான் உரசும்.

ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி நிற்கும் உயரம் மாறும். ஆனால் சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு மேலே போகும் என்பது மாறாது. அதை முடிவு செய்வது ஷாக்கின் தண்டில் கோர்த்திருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற நசுங்கும் தடுப்பு. இறக்காத போலோவிலும் சக்கரம் அதே உச்சிக்குப் போகும். என்றைக்கோ ஒருநாள் பெரிய குழியில் போகும். இறக்கிய போலோ தினமும் போகும். எனவே உச்சியில் உரசாத சக்கரம் எத்தனை இறக்கினாலும் உரசாது. உச்சியில் உரசும் சக்கரத்தை, வண்டியை எத்தனை உயர்த்தி வைத்தாலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே ஸ்பிரிங்கைக் கழற்றினோம். ஸ்பிரிங் இல்லாத ஸ்ட்ரட்டை (ஷாக் இருக்கும் தூண்) திரும்ப மாட்டி, சக்கரத்தைப் போட்டு, அதைத் தாங்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) அடியில் ஜாக் கொடுத்துத் தூக்கிக்கொண்டே போனோம். பம்ப் ஸ்டாப் நசுங்கி, வண்டியின் அந்த மூலை ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்க்கும் இடம்தான் உச்சி. அங்கே ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பவேண்டும்.

ஃபெண்டரின் உள்மடிப்பில் பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணை விரல் தடிமனுக்கு ஒட்டி வைத்தோம். டயர் மேலே போய் அழுத்திவிட்டு இறங்கும். பிறகு களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி, மிச்சம் எவ்வளவு என்று வெர்னியரில் அளக்கலாம். கண்ணால் பார்க்க முடியாத இடத்துக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பவர்களுக்கு முன்பக்க ஓரம் தெரியும். மடிப்பின் பின்னால் ஃபெண்டர் லைனரைப் பிடிக்கும் திருகின் தலை தெரியாது. போலோவில் முதலில் டயரைக் கிழிப்பது அந்தத் திருகுதான்.

கழற்றிய கையோடு ஒன்று தெரிந்தது. முன்பக்க பம்ப் ஸ்டாப் இரண்டும் ஸ்பிரிங் கிட்டின் குறிப்பில் சொன்னதைவிட அதிகமாக வெட்டப்பட்டிருந்தன. ஸ்பிரிங் மாற்றிய இடத்தில் "அடிக்காம இருக்கட்டும்" என்று தாராளமாக வெட்டியிருக்கிறார்கள். அப்படி வெட்டினால் உச்சி இன்னும் மேலே போகும், மேலே சொன்ன விதி உடைந்துவிடும். ஃபெண்டர் உரசும், அதற்கு முன் ஷாக்கின் உள்ளே வால்வு அடிவாங்கும். புதிய பம்ப் ஸ்டாப் வரவழைத்து, குறிப்பில் உள்ள அளவுக்கு மட்டும் வெட்டிப் போட்ட பிறகே மேற்கொண்டு அளந்தோம்.

பழைய 15 இன்ச் சக்கரத்தோடு உச்சியில் பின்பக்கம் டயர் தோளுக்கும் மடிப்புக்கும் இடையே கிடைத்தது 19 மி.மீ. இரவல் 17 × 7.5-ஐ 215/40 டயரோடு மாட்டியபோது பின்பக்கக் களிமண் வெற்றிலை மொத்தத்துக்கு நசுங்கிவிட்டது. சாதாரண ரோட்டில் பிழைத்துக்கொள்ளலாம். கோத்தகிரி கொண்டை ஊசி வளைவில் மூன்று பேர் பின்சீட்டில் இருந்தால் பிழைக்காது, ஏனெனில் வளைவில் டயரே பக்கவாட்டில் சில மி.மீ. நகரும். 16 × 7, ஈடி 42, 195/55 சேர்க்கையில் அதே இடத்தில் சுமார் 10 மி.மீ. களிமண் மிஞ்சியது.

உட்பக்கத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுவார்கள், அங்கே பயம் குறைவு. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டின் கீழ்க் குழாய் சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆகவே ரிம்முக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே உள்ள சந்து, வண்டியை இறக்கினாலும் ஏற்றினாலும் ஒன்றுதான். தரையில் ஒருமுறை அளந்தால் போதும். உள்ளே தடுப்பது ரிம்மும் டயரும் மட்டுமே. வெளியே தடுப்பது ரிம், டயர், உயரம், சுமை எல்லாம். எந்தப் பக்கம் மிச்சம் வைக்கவேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும். அதனால்தான் ஈடி 35 ரிம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் ஈடி 42-ஐத் தேடினோம்.

17 இன்ச்சுக்கு எதிராக உரசல் மட்டும் காரணமில்லை. சைடுவால் 111 மி.மீ. இருந்தது 215/40-இல் 86 ஆகும், 195/55-இல் 107. இறக்கிய வண்டியில் ஸ்பிரிங்கின் பயணம் ஏற்கெனவே குறைந்துபோனது. மிச்சமிருக்கும் குஷன் டயரின் காற்றுதான். அதையும் குறைத்தால் குழாய் பதிக்க வெட்டி மூடிய ரோட்டில் ரிம் பெண்டாவது நிச்சயம். பாரச் சுமை எண்ணும் கவனிக்கவேண்டும். கம்பெனி டயரில் 84, அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ. 215/40 ஆர் 17-இன் சாதாரண வகையில் 83, 487 கிலோ. எக்ஸ்ட்ரா லோட் வகை வாங்கினால் 87 கிடைக்கும், ஆனால் அந்தச் சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். கூடுதல் காற்று, குறைந்த சைடுவால் என்று இரண்டு பக்கமும் முதுகெலும்புக்குத்தான் அடி. 195/55 ஆர் 16 சாதாரண வகையிலேயே 87, 545 கிலோ. எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கிற அளவு என்பது கூடுதல் லாபம்.

சட்டம் பற்றியும் தம்பி கேட்டார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலுவாகவே சொன்னது. இறக்கிய ஸ்பிரிங்குக்கு என்னிடம் பதில் கிடையாது. அதை அவர் ஏற்கெனவே செய்துவிட்டார். வீலைப் பொறுத்தவரை, அதே மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த டயர் அளவில் நிற்பது இன்சூரன்ஸ் சர்வேயரிடம் பேச ஒரு பிடியாவது தரும். ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எட்டு இன்ச் ரிம்முக்கு அந்தப் பிடியும் இல்லை.

ரிம் வாங்கியதும் மாட்டியதும்

போலோவின் பிசிடி 5 × 100, அதாவது 100 மி.மீ. விட்ட வட்டத்தில் ஐந்து போல்ட் துளை. அதில் 16 இன்ச் தேர்வு குறைவு. நம் ஊர் கடைகளில் தொங்குவதில் பாதிக்கு மேல் நான்கு போல்ட் வகை. பிந்தைய ஆக்டேவியா, ஜெட்டா வீல்கள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவை 5 × 112. எத்தனை ஆசைப்பட்டாலும் போலோவில் ஏறாது. பத்துத் துளை போட்டு இரண்டு பிசிடிக்கும் பொதுவாக வரும் ரிம்களும் உண்டு. அவற்றை நான் பொதுவாக வேண்டாம் என்பேன். துளைகளுக்கு நடுவே இருக்கும் உலோகம் குறைவு என்பது ஒருபுறம். அவற்றில் பல ரிம்களில் சுமை அளவே வார்க்கப்பட்டிருப்பதில்லை என்பது மறுபுறம்.

நாங்கள் பார்த்தது ஜப்பானின் ஜேடபிள்யூஎல் முத்திரையும் விஐஏ முத்திரையும். முதலாவது தயாரிப்பாளரே தன் ரிம் தரநிலையை எட்டுகிறது என்று போட்டுக்கொள்வது. இரண்டாவது வெளி அமைப்பு சோதித்துக் கொடுப்பது. முத்திரையைப் போலியாகவும் வார்க்கலாம். ஆகவே ரிம்மைத் தராசில் போட்டோம். சொன்ன எடைக்கும் கையில் இருக்கும் எடைக்கும் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

போலோவின் ஹப் நடு விட்டம் 57.1 மி.மீ. வெளி ரிம்மின் நடுத்துளை 73.1. அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் என்ற வளையம் கட்டாயம். அது இல்லாமல் மாட்டினால் ரிம் மையத்தில் உட்காராமல், பேலன்சிங் செய்தபிறகும் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும். பேலன்சிங் கடைக்காரரைத் திட்டி வண்டி ஊர் சுற்றும்.

அடுத்தது போல்ட். ஃபோக்ஸ்வாகன் கம்பெனி ரிம்மில் போல்ட்டின் தலையடி உருண்டையாக இருக்கும். வெளி ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டை போல்ட்டைக் கூம்புத் துளையில் முறுக்கினால் ஒரு வளையம் மட்டும் தொடும். டார்க் சரியாகக் காட்டும், ஆயிரம் கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். 14 × 1.5 மரையில் கூம்புத் தலை போல்ட் இருபது வாங்கினோம். நீளத்தையும் பார்க்கவேண்டும். குறைந்தது ஏழு சுற்றாவது கையால் உள்ளே போகவேண்டும். நீளம் மிகுந்தால் பின்பக்க டிரம்முக்குள் போல்ட்டின் நுனி பிரேக் பாகங்களில் இடிக்கும். இந்த வண்டியில் பின்னால் டிரம்தான் என்பதால் பிரேக் ஷூவைக் கழற்றி நுனியைப் பார்த்துவிட்டே மூடினோம். டார்க் 120 நியூட்டன் மீட்டர், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒருமுறை.

அலைன்மென்டில் முன்பக்க டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வெளியே போயிருந்தது. இறக்கியதும் யாரும் சரிசெய்திருக்கவில்லை. கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு, சற்றே உட்பக்கமாக இருந்தது. சப்ஃப்ரேமைத் தளர்த்தி இரண்டு பக்கமும் சமமாக்கியதோடு விட்டோம். உட்தோள் தேய்வுக்குக் கேம்பரைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள், டயரை அரைப்பது பெரும்பாலும் டோ. பின்பக்கம் ட்விஸ்ட் பீம் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்), திருப்ப எதுவும் கிடையாது. இறக்கியதால் முகப்பு விளக்கின் ஒளிக்கோட்டையும் மாற்றவேண்டியிருந்தது.

முடிவு என்ன? ஐந்து பேரோடு கோத்தகிரி போய் வந்தார்கள். ஃபெண்டர் மடிப்பில் தடம் இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் இடது முன் டயர் பிளாஸ்டிக் லைனரை லேசாகத் தொட்டது. ஹீட் கன் காட்டி அந்த இடத்தை உள்ளே அமுக்கிவிட்டோம். டயர் 3 சதவீதம் பெரிதானதால் ஐந்தாவது கியரில் எஞ்சின் அந்த அளவுக்கு மெதுவாகச் சுற்றுகிறது. டீசல் டார்க்குக்கு அது பொருட்டல்ல. முன்பு ஜிபிஎஸ்ஸைவிடக் கூடக் காட்டிக்கொண்டிருந்த ஸ்பீடோமீட்டர் இப்போது கிட்டத்தட்ட அதோடு ஒத்துப்போகிறது. டயரே பாதிக் குழியை வாங்கிக்கொள்வதால் உள்ளே உட்காருபவர்களுக்கு இறக்கிய வண்டி என்ற எண்ணம் குறைவாகத்தான் வருகிறது. பார்வைக்கு 17 இன்ச்சின் அந்தப் பளபளப்பு இல்லை, அதை மறுக்க முடியாது. ஒருநாள் ஷோவில் நிறுத்த மட்டும் வண்டி வேண்டுமென்றால் நானே 17-ஐத்தான் சொல்லியிருப்பேன்.

ஒப்படைக்கும்போது ஸ்டெப்னி பற்றி ஒரு பேச்சு வந்தது. டிக்கியில் இருப்பது கம்பெனி 185/60 ஆர் 15 இரும்பு ரிம், புதிய சக்கரங்களைவிட 18 மி.மீ. விட்டம் குறைவு. முன்பக்கம் பஞ்சர் ஆனால் பின்சக்கரம் ஒன்றை முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டவேண்டும். இல்லாவிட்டால் டிஃபரன்ஷியல் வீடு சேரும்வரை சும்மா உழைத்துக்கொண்டே இருக்கும். அந்த இரும்பு ரிம்முக்குக் கூம்புத் தலை போல்ட் உட்காராது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய உருண்டைத் தலை போல்ட்டில் ஐந்தை ஒரு துணிப்பையில் முடிந்து ஜாக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம்.